நூறு பேர் ஒரே கோட்டைக்குள் நடமாட வேண்டுமானால்

“வேலூர்க் கோட்டையை அப்படியே 3டியில செஞ்சுட்டேன் அண்ணா, இனி எல்லாரையும் உள்ள விட வேண்டியதுதான்” என்று ஒரு கல்லூரி மாணவர் வந்து நின்றால், வேலையே இனிமேல்தான் இருக்கிறது தம்பி என்றுதான் சொல்வேன். அகழி, கருங்கல் மதில், ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்கள் எல்லாவற்றையும் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் செய்வது நல்ல உழைப்பு, மறுக்கவில்லை. ஆனால் அது ஒருவர் தனியாகச் சுற்றிப் பார்க்கிற கோட்டை. அதற்குள் காட்பாடியிலிருந்து ஒருவர், ஆம்பூரிலிருந்து ஒருவர், துபாயில் வேலை பார்க்கிற ராணிப்பேட்டைக்காரர் ஒருவர் என்று ஒரே நேரத்தில் நூறு பேர் வந்து, ஒருவரையொருவர் பார்த்துப் பேசி, ஒருவர் திறந்த கதவு மற்ற தொண்ணூற்றொன்பது பேருக்கும் திறந்திருக்க வேண்டும் என்றால் அது முற்றிலும் வேறு வேலை. இங்கே சொல்லப்போவது அந்த வேலையைப் பற்றித்தான். புரோகிராமிங் கொஞ்சம் தெரிந்தால் போதும், கேம் செய்த அனுபவம் வேண்டாம்.

இதற்குப் படமே தேவையில்லை என்பதற்குச் சரித்திரமே சாட்சி. 1978இல் இங்கிலாந்தில் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்ற மாணவர் ஒரு உலகத்தை எழுத ஆரம்பித்தார், ரிச்சர்ட் பார்ட்டில் அதைத் தொடர்ந்து வளர்த்தார். அதன் பெயர் மட். திரையில் எழுத்து மட்டும்தான்: நீ ஒரு குறுகிய பாதையில் நிற்கிறாய், வடக்கே வழி இருக்கிறது, இன்னார் இங்கே இருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அந்த “இன்னார்” வேறொரு டெர்மினலில் உட்கார்ந்திருந்த நிஜ மனிதர். அவர் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு போனால் உங்களுக்கு அது இல்லை. பகிர்ந்த உலகம் என்பதன் உயிர் இங்கேதான் இருக்கிறது. பலர் ஒரே சமயத்தில் இருக்க வேண்டும், எல்லாருக்கும் நடந்தது ஒன்றாகவே இருக்க வேண்டும், ஒருவர் வெளியே போன பிறகும் அவர் செய்துவிட்டுப் போனது அங்கேயே இருக்க வேண்டும்.

இதில் நடுவில் உள்ளதுதான் கடினம். எல்லாருக்கும் நடந்தது ஒன்றாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம், ஆனால் ஒவ்வொருவர் போனிலும் லேப்டாப்பிலும் ஓடிக்கொண்டிருப்பது அந்த உலகத்தின் ஒரு நகல். நூறு பேர் என்றால் நூறு நகல், ஒன்றோடொன்று கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசமாக. எது உண்மை என்று யார் சொல்வது? பெரும்பாலான ஆன்லைன் உலகங்கள் எடுத்திருக்கிற முடிவு, சர்வரில் இருப்பது மட்டுமே உண்மை, மற்றதெல்லாம் அதைப் பார்த்துப் போட்ட நகல். இதை முதல் நாளே மனதில் பதித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் வராது.

அப்படியென்றால் உங்கள் ஆப் சர்வருக்கு என்ன அனுப்ப வேண்டும்? “நான் இப்போது இந்த இடத்தில் நிற்கிறேன்” என்று அனுப்பக் கூடாது. அப்படி அனுப்பினால் ஒருவர் ஆப்பைக் கொஞ்சம் மாற்றி, மதிலுக்கு அந்தப் பக்கம் நிற்பதாகச் சொன்னால் சர்வரும் தலையாட்டிவிடும். “நான் வடக்கே நடக்க விரும்புகிறேன்” என்று விருப்பத்தை மட்டும் அனுப்ப வேண்டும். வழியில் சுவர் இருக்கிறதா, இவ்வளவு வேகமாக ஒருவரால் நடக்க முடியுமா என்று சர்வர் பார்த்து, சரி என்றால் நகர்த்தி, புது நிலையை எல்லாருக்கும் சொல்லும். விருப்பம் மேலே போகும், முடிவு கீழே வரும். ஒவ்வொரு அம்சத்தையும், கதவோ சாட்டோ கடையோ, இந்த ஒரே வழியில் எழுதப் பழகிக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு சம்பவத்தை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். நம் கோட்டை அகழியில் ஒரு படகு விட்டிருக்கிறோம், அதில் ஒரே ஒரு இடம் பாக்கி. குடியாத்தத்தில் பிரியா மொபைல் டேட்டாவில் இருக்கிறாள், அவள் அனுப்புவது சர்வருக்குப் போக 90 மில்லிசெகண்ட் ஆகிறது. சென்னையில் செல்வம் ஃபைபர் இணைப்பில் இருக்கிறான், அவனுக்கு 15 மில்லிசெகண்ட். நம் சர்வர் 50 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, அதாவது செகண்டுக்கு 20 தடவை, வந்ததையெல்லாம் வரிசையாக எடுத்துப் பார்த்து உலகத்தை ஒரு படி நகர்த்துகிறது. இந்தப் படியைத்தான் டிக் என்கிறார்கள், மைன்கிராஃப்டிலும் இதே 20தான். பிரியா பூஜ்யமாவது மில்லிசெகண்டில் “ஏறு” பட்டனை அழுத்துகிறாள். செல்வம் 40இல் அழுத்துகிறான். செல்வத்தின் செய்தி 55இல் வந்து சேர்கிறது, பிரியாவுடையது 90இல். 100வது மில்லிசெகண்டில் சர்வர் வரிசையைப் பார்க்கிறது, முதலில் இருப்பது செல்வம். இடம் அவனுக்கு. இடம் இல்லை என்ற பதில் பிரியாவின் போனுக்கு 190இல் போய்ச் சேருகிறது.

முதலில் அழுத்தியது பிரியாதான். அநியாயம் என்று தோன்றும், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அழுத்திய நேரத்தை அவரவர் ஆப்பே எழுதி அனுப்பட்டுமே என்றால், நேரத்தைப் பொய்யாக எழுதி அனுப்பும் ஆட்கள் வந்துவிடுவார்கள். சர்வரே ஒவ்வொருவரின் தாமதத்தையும் அளந்து வைத்துக்கொண்டு, ஒரே டிக்குக்குள் வந்தவர்களுக்கு மட்டும் அதைக் கழித்துப் பார்த்து முடிவு செய்யலாம், அது ஓரளவு நியாயம். எதை வைத்தாலும் சரி, தீர்ப்பு ஒரே இடத்தில், ஒரே ஒரு தடவை எழுதப்பட வேண்டும். இரண்டு பேர் திரையிலும் இருவரும் ஏறிவிட்டதாகக் காட்டிவிட்டு அப்புறம் சமாதானம் பேசக் கூடாது.

பிரியாவின் திரையில் அந்த 190 மில்லிசெகண்ட் என்ன காட்டுவது என்பது தனிக் கலை. பட்டனை அழுத்தியும் ஒன்றுமே நடக்கவில்லை என்றால் ஆப் தொங்கிவிட்டது என்று நினைத்து நாலு தடவை அழுத்துவாள். உடனே படகில் உட்கார வைத்துவிட்டால் பிறகு தூக்கி வெளியே போட வேண்டியிருக்கும். அதனால் அழுத்தியவுடன் அவள் கேரக்டர் படகை நோக்கித் திரும்பிக் காலை எடுத்து வைக்கிற அசைவை ஓட்டிவிட வேண்டும், சர்வர் சரி என்ற பிறகுதான் உட்கார வைக்க வேண்டும். கால் எடுத்து வைக்கிற அந்த நேரத்துக்குள் பதில் வந்துவிடும். நல்ல ஆன்லைன் உலகங்களில் கதவு திறக்கும்போதும் பெட்டி திறக்கும்போதும் சின்னதாக ஒரு அசைவு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதற்குப் பின்னால் பல நேரம் இப்படிக் காத்திருக்கும் வேலை நடக்கிறது.

இந்தத் தாமதத்தை ஒழிக்கவே முடியாதா? குறைக்கலாம், ஒழிக்க முடியாது. கண்ணாடி இழைக்குள் ஒளி செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சிங்கப்பூர் நமக்குச் சுமார் 3,000 கிலோமீட்டர், போய்வர 30 மில்லிசெகண்டுக்குக் கீழே எந்தக் கம்பெனியாலும் தர முடியாது. அமெரிக்கக் கிழக்குக் கரை 13,000 கிலோமீட்டருக்கும் மேல், அங்கே போய்வரக் குறைந்தது 130, நடைமுறையில் கேபிள் சுற்றிப் போவதால் 200ஐத் தாண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று அமெரிக்காவில் சர்வர் எடுத்துவிட்டு எங்கள் ஊர்ப் பசங்களுக்கு ஏன் இழுக்கிறது என்று கேட்பதில் அர்த்தமில்லை. சென்னையிலோ மும்பையிலோ எடுங்கள்.

மிச்சத் தாமதத்தை மறைக்க இரண்டு உத்திகள் உண்டு. உங்கள் சொந்தக் கேரக்டர் நடப்பதற்கு சர்வர் பதிலுக்குக் காத்திருக்காமல் உங்கள் ஆப்பே நடத்திவிடும், பிறகு சர்வர் சொன்ன இடத்தோடு ஒப்பிட்டு வித்தியாசம் இருந்தால் மெல்லத் திருத்திக்கொள்ளும். 1996இல் வந்த குவேக்வேர்ல்ட் என்ற சுடும் கேமில் அதன் புரோகிராமர் ஜான் கார்மாக் இதைச் செய்தபோதுதான் டயல்-அப் மோடத்தில் இருந்தவர்கள்கூட ஓரளவு தடங்கலில்லாமல் ஆட முடிந்தது. மற்றவர்களின் கேரக்டர்களுக்கு இது வேலைக்கு ஆகாது, அவர்கள் எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்று உங்கள் ஆப்புக்குத் தெரியாதே. அதனால் அவர்களைச் சுமார் 100 மில்லிசெகண்ட் பழைய நிலையில் காட்டுவார்கள். 50 மில்லிசெகண்டுக்கு ஒரு செய்தி வருகிறது, கையில் எப்போதும் இரண்டு நிலைகள் இருக்கும், அந்த இரண்டுக்கும் நடுவே வழுக்கிக்கொண்டு போவதைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். ஆக, பகிர்ந்த உலகத்தில் நீங்கள் உங்களைக் கொஞ்சம் எதிர்காலத்திலும் மற்றவர்களைக் கொஞ்சம் இறந்த காலத்திலும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை, அவ்வளவு அழகான யோசனை.

அடுத்தது கூட்டம். ஒருவர் எங்கே இருக்கிறார், எந்தப் பக்கம் பார்க்கிறார், என்ன செய்கிறார் என்பதை நன்றாகச் சுருக்கினால் 8 பைட்டில் அடக்கிவிடலாம். நூறு பேர், செகண்டுக்கு 20 தடவை என்றால் ஒவ்வொருவருக்கும் செகண்டுக்கு 16,000 பைட், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 58 எம்பி. பரவாயில்லை. அதையே சோம்பல்பட்டு, மனிதர் படிக்கக்கூடிய ஜேசான் (JSON) எழுத்தாக அனுப்பினால் ஒரு செய்தி 80 பைட் ஆகிவிடும், மணிக்கு 576 எம்பி, தினம் ஒன்றரை ஜிபி போட்டு ஓட்டுகிற பையனின் டேட்டா மூன்று மணி நேரத்தில் காலி. சரி, 8 பைட்டே வைத்துக்கொள்வோம், ஆயிரம் பேர் வந்தால்? ஒவ்வொருவருக்கும் 1,60,000 பைட், அதை ஆயிரம் பேருக்கு அனுப்ப வேண்டும், சர்வரிலிருந்து செகண்டுக்கு 160 எம்பி வெளியே போகும். ஆள் பத்து மடங்கு கூடினால் சுமை நூறு மடங்கு. பெரிய கூட்டத்தில் உலகங்கள் படுத்துவிடுவதற்கு முக்கியக் காரணம் இந்தப் பெருக்கல்தான்.

இதற்கு வழி, எல்லாருக்கும் எல்லாவற்றையும் சொல்லாமல் இருப்பது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருப்பவருக்கு எதிர் வரிசை இலையும் பக்கத்து இலையும் தெரிந்தால் போதும், மாடியில் யார் சாப்பிடுகிறார்கள் என்று தெரிய வேண்டியதில்லை. உலகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, நீங்கள் நிற்கிற கட்டத்திலும் சுற்றியுள்ள கட்டங்களிலும் நடப்பதை மட்டும் அனுப்புவார்கள். 2003இல் வந்த செகண்ட் லைஃப் என்ற ஆன்லைன் உலகத்தில் ஒரு பகுதி 256 மீட்டருக்கு 256 மீட்டர். நம் கோட்டை வளாகம் சுமார் 133 ஏக்கர் என்பார்கள், அந்தக் கணக்கில் எட்டு ஒன்பது பகுதிகளுக்குள் அடங்கிவிடும். ஆனால் எல்லாரும் ஒரே கட்டத்துக்குள் வந்து குவிந்தால் கட்டம் பிரித்தும் பயனில்லை. ஜூலை 10 அன்று, 1806 சிப்பாய்ப் புரட்சியின் நினைவு நாளில், உங்கள் மெய்நிகர் கோட்டையில் எல்லாரும் ஒரே இடத்தில்தான் கூடுவார்கள். அப்போது தூரத்தில் இருப்பவர்களைப் பற்றிக் குறைந்த தடவை அனுப்பலாம், அல்லது அதே கோட்டையின் இரண்டு மூன்று பிரதிகளை ஓட்டி ஆட்களைப் பிரித்து விடலாம். ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளிக் கேம் இன்னொரு வழி எடுத்தது: பிரதி எதுவும் போடாமல் ஒரே உலகமாக வைத்துக்கொண்டு, கூட்டம் மிஞ்சினால் அந்தப் பகுதியின் காலத்தையே மெதுவாக்கிவிடுகிறது, வழக்கமான வேகத்தில் 10 சதவீதம் வரைக்கும்கூட. எல்லாரும் சமமாக மெதுவாவதால் யாருக்கும் அநியாயம் இல்லை. எனக்கு இந்த வழி மிகவும் பிடிக்கும், ஆனால் முதல் உலகம் கட்டுகிறவர்கள் பிரதி போடுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சேமிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு அடியையும் டேட்டாபேஸில் எழுதாதீர்கள், நடமாட்டம் மெமரியில் இருந்தால் போதும். பொருள் கை மாறுவது, பணம் கை மாறுவது, யாராவது எதையாவது கட்டுவது இவை மட்டும் உடனே எழுதப்பட வேண்டும். கை மாறும்போது இரண்டு பக்கமும் சேர்ந்து மாற வேண்டும், இல்லையென்றால் இரண்டுமே மாறக் கூடாது. நடுவில் சர்வர் விழுந்து பொருள் இருவரிடமும் இருந்தால், அந்த ஓட்டையை ஒரே வாரத்தில் யாராவது கண்டுபிடித்து ஆயிரம் பிரதி எடுத்துவிடுவார்கள்.

மிகைப்படுத்தவில்லை. 1986இல் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் ஹாபிடாட் என்ற உலகத்தை கமடோர் 64 கம்ப்யூட்டர்களுக்காகச் சோதனைக்கு விட்டது. 64 கேபி மெமரி, டெலிபோன் வழியே மோடம், அதிலேயே படத்தோடு கூடிய பகிர்ந்த உலகம். கட்டியவர்களில் முக்கியமானவர்கள் சிப் மார்னிங்ஸ்டாரும் ராண்டி ஃபார்மரும், தங்கள் அனுபவத்தைப் பின்னால் விரிவாக எழுதி வைத்தார்கள். அங்கே இருந்த தானியங்கிக் கடைகள் ஒவ்வொன்றுக்கும் விலை கொஞ்சம் மாறும். ஒரு கடையில் பொம்மை 75 டோக்கன், ஊரின் இன்னொரு மூலையில் உள்ள அடகுக் கடை அதே பொம்மையை 100க்கு வாங்கிக்கொண்டது. சிலர் இதைப் பார்த்துவிட்டார்கள். கையில் இருந்த பணத்துக்கெல்லாம் பொம்மை வாங்கி, சுமந்து போய் விற்று, திரும்பி வந்து, மறுபடி வாங்கி, கொஞ்சம் சேர்ந்ததும் 18,000க்குப் படிக உருண்டை வாங்கி 30,000க்கு விற்று, ஒரே இரவில் அந்த உலகத்தில் புழங்கிய மொத்தப் பணம் ஐந்து மடங்காகிவிட்டது. நேர்மையாகத்தானே சம்பாதித்தோம் என்றார்கள் அவர்கள், அதுவும் உண்மைதான். அந்தப் பணத்தை வைத்து மற்றவர்களுக்கு அவர்களே புதையல் வேட்டை நடத்தினார்கள்.

இன்னொன்று, வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் கேமில் 2005 செப்டம்பரில் ஒரு தனிச் சண்டைப் பகுதிக்குள் மட்டும் இருக்க வேண்டிய தொற்று, வளர்ப்பு விலங்குகள் வழியாக ஊருக்குள் வந்து பரவிவிட்டது, பிறகு தொற்றுநோய் ஆராய்ச்சியாளர்களே அதை எடுத்துப் படித்தார்கள். நீங்கள் சுவரையும் விதியையும் எழுதுகிறீர்கள், அதற்குள் என்ன நடக்கும் என்பதை வருகிறவர்கள் தீர்மானிக்கிறார்கள். அதனால் பூட்டி வைக்கிற வசதியையும், நடந்ததைப் பின்னோக்கிப் பார்க்கிற பதிவையும் முதல் பதிப்பிலேயே வையுங்கள்.

நடத்தை விஷயமும் அப்படியே. நம் கோட்டைக்குள் கோயில் இருக்கிறது, மசூதி இருக்கிறது, தேவாலயம் இருக்கிறது. அங்கே ஒருவர் வந்து ஏடாகூடமாகக் கத்தினால் சர்வரை நடத்துகிற நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். பெண்கள் வந்தால் பின்னாலேயே தொடர்ந்து நெருங்கி நிற்கிறவர்கள் எல்லா உலகத்திலும் உண்டு. ஒருவரைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் வேறு யாரும் வர முடியாதபடி செய்யலாம், வேண்டாதவரை ஒரே தட்டில் தன் திரையிலிருந்து மறைத்துவிடலாம், குரலை அடைக்கலாம். இதற்கெல்லாம் ஒன்றிரண்டு நாள் வேலைதான். அழகு வேலைக்கு ஒரு மாதம் ஒதுக்கிவிட்டு இதற்கு நேரமில்லை என்று சொல்கிற டீம்களோடு எனக்கு உடன்பாடே கிடையாது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலைச் சேர்ப்பதற்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது, அதையும் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் சாட் வைக்கிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்று. “வேலூர்” நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஆறு குறியீடுகள், யூடிஎஃப்-8இல் 18 பைட். பெயருக்கு 16 பைட் என்று வரம்பு வைத்தால் ஊர்ப் பெயரைக்கூட ஒருவர் வைத்துக்கொள்ள முடியாது, அல்லது நடுவில் வெட்டுப்பட்டுக் கட்டம் கட்டமாகத் தெரியும். அதோடு “கொ” என்பதைக் ககரத்தோடு ஒரே ஒகரக் குறியாகவும் எழுதலாம், கொம்பு தனியாகக் கால் தனியாகவும் எழுதலாம், பார்க்க ஒன்றுபோல இருக்கும், கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு. கெட்ட வார்த்தையைத் தடுக்கிற பட்டியல் வைத்திருந்தால், வருகிற எழுத்தை முதலில் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். திரையில் காட்டும்போது கொம்பும் காலும் இடம் மாறாமல் வரவேண்டும், கேம் செய்யும் இலவசக் கருவியான கோடோட் 4இல் (Godot) இது சரியாக வருகிறது, அதற்கு முந்தைய 3இல் வராது.

எதில் ஆரம்பிப்பது? நிரல் எழுதாமல் முதலில் ஒரு உலகத்தை நடத்திப் பார்க்க ஆசைப்பட்டால் லுவான்டி நல்லது. மைன்டெஸ்ட் என்ற பெயரில் இருந்தது, 2024இல் பெயர் மாற்றினார்கள். இலவசம், ஓப்பன் சோர்ஸ், ஒரு லேப்டாப்பில் சர்வரை ஓட்டி வீட்டு வைஃபையிலேயே ஆண்ட்ராய்டு போனிலிருந்து மற்றவர்கள் உள்ளே வரலாம், விதிகளை லுவா மொழியில் மாற்றலாம். நீங்களே எழுத வேண்டும் என்றால் கோடோட். பிரவுசரில்தான் வேண்டும் என்றால் சர்வரோடு தொடர்ந்து பேச வெப்சாக்கெட்டும், 3டி காட்ட திரீ.ஜேஎஸ்ஸும். வெப்சாக்கெட், எல்லாவற்றையும் வரிசை மாறாமல் கொண்டுசேர்க்கிற டிசிபி (TCP) முறையின் மேல் ஓடுவதால் ஒரு பாக்கெட் தொலைந்தால் அது மறுபடி வரும்வரை பின்னால் வந்ததெல்லாம் நிற்கும், அதனால் நடமாட்டம் விட்டுவிட்டுத் தெரியலாம். யூடிபி (UDP) என்ற இன்னொரு முறையில் அந்தச் சிக்கல் இல்லை, தொலைந்தது தொலைந்ததுதான், அடுத்தது வந்துகொண்டே இருக்கும். ஆனால் பழகுகிற கட்டத்தில் வெப்சாக்கெட்டே தாராளமாகப் போதும்.

கோட்டையை ஓரமாக வைத்துவிட்டு வெள்ளைத் திரையில் இரண்டு புள்ளிகளை மட்டும் நடக்க விடுங்கள். ஒருவர் அழுத்தினால் இருவருக்கும் திறக்கிற ஒரு கதவு, ஒருவர் மட்டுமே எடுக்கக்கூடிய ஒரு பழம். இது ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஜன்னலில் கண்டிப்பாக ஓடும், அதில் சந்தோஷப்பட்டு நின்றுவிடாதீர்கள். லினக்ஸில் டிசி கட்டளையோடு வரும் நெட்எம்மை வைத்து 150 மில்லிசெகண்ட் தாமதமும் நூற்றுக்கு இரண்டு பாக்கெட் இழப்பும் வேண்டுமென்றே சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். பழம் இருவரிடமும் இருப்பதாகக் காட்டினால் தீர்ப்பு இரண்டு இடத்தில் நடக்கிறது என்று அர்த்தம். புள்ளி துள்ளித் துள்ளிப் போனால் இரண்டு நிலைகளுக்கு நடுவே நகர்த்துகிற பகுதி சரியில்லை. அது தாண்டியதும் ஒரு சாயங்காலம் பத்து நண்பர்களை, வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் வரச் சொல்லுங்கள், ஒருவர் ஓடுகிற பஸ்ஸில் இருந்தால் இன்னும் நல்லது. அந்த நேரம் முழுக்க ஒவ்வொரு டிக்கும் சர்வரில் எத்தனை மில்லிசெகண்ட் எடுத்தது என்று பதிவு செய்யுங்கள், 50ஐத் தாண்டியவற்றை மட்டும் தனியாக எடுத்து அந்தக் கணத்தில் சர்வர் என்ன செய்துகொண்டிருந்தது என்று பாருங்கள். முதலில் தேட வேண்டியது டேட்டாபேஸில் எழுதுகிற இடம்; டிக்குக்குள்ளேயே எழுதிக்கொண்டிருந்தால் அதை வெளியே எடுத்து, வரிசையில் போட்டுப் பின்னணியில் உடனுக்குடன் எழுதும்படி மாற்றுங்கள்.